ஐர் ஏரியில் பெய்த மழை

நிலத்தின்மீது மணிக்கு நானூறு மைல் வேகத்தில் ஒரு வாகனத்தைச் செலுத்த விரும்புகிறவனுக்கு உலகத்துச் சாலைகள் எவையும் போதா. மேடுபள்ளமோ வளைவோ மரமோ குறுக்கிடாமல் மைல் கணக்கில் நீண்டு கிடக்கும் சமதளம் அவனுக்கு வேண்டும். அத்தகைய தளத்தை மனிதப் பிரயத்தனத்தால் நிர்மாணிப்பது அரிது. வறண்ட உப்பு ஏரிகளே அதை இயல்பாகக் கொண்டிருக்கின்றன. எப்போதோ வரும் வெள்ளம் அங்கே தேங்கி நின்று, வெயிலில் ஆவியாகி, தன்னில் கரைந்திருந்த உப்பை ஒரே மட்டமாகப் படியவிட்டு மறைகிறது. தளத்தைப் படைப்பதும் தண்ணீர், காலந்தவறி வந்து அதைக் கெடுப்பதும் தண்ணீர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பான்வில் உப்பு வெளியில் 1949இல் தொடங்கிய வேக வாரம், 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் தளம் கெட்டுக் கிடந்ததால் நடைபெறவில்லை. ஆயினும் மழையின் கையில் ஒரு குழு பட்ட பாட்டை முழுமையாக அறிய விரும்புவோர், தென் ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரியில் டொனால்டு கேம்பெல் காத்திருந்த சரித்திரத்தையே கேட்க வேண்டும்.

கேம்பெல்லுக்கு வேகம் பிதுரார்ஜிதம். அவருடைய தந்தை சர் மால்கம் கேம்பெல், 1935இல் பான்வில்லில் மணிக்கு 301 மைல் வேகத்தை எட்டி, காரில் முந்நூறைக் கடந்த முதல் மனிதர் என்னும் கீர்த்தி பெற்றவர். மகனுக்காக நாரிஸ் சகோதரர்கள் வடிவமைத்த ‘புளூபேர்ட்’ கார், புரோட்டியஸ் என்னும் டர்பைன் எஞ்சினின் நாலாயிரம் குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தியது. 1960 செப்டம்பரில் பான்வில்லில் முந்நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அது நிலைதவறிப் புரண்டது. மண்டையோடு முறிந்த நிலையில் கேம்பெல் உயிர்தப்பினார். அவர் குணமடைந்தார், காரும் புனர்நிர்மாணம் பெற்றது.

அடுத்த களமாகத் தேர்ந்தது ஐர் ஏரி. கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்ந்து, ஆஸ்திரேலியக் கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்துக்கு வடிகாலாக இருந்தும், ஆண்டுக்கணக்கில் ஈரம் காணாமல் கிடப்பது அதன் சுபாவம். முலூரினா என்னும் ஆட்டுப் பண்ணையில் தங்கி, உப்பைச் செதுக்கிச் சமன்செய்து குழுவினர் உழைத்துக்கொண்டிருக்க, 1963இன் முற்பகுதியில், எதிர்பாராத மழை அந்தப் பாலையில் இறங்கியது. சில மிதவேக ஓட்டங்களோடு முயற்சி நின்றது. மே மாதத்தில் தளமே நீருக்குள் போக, காரைக் காப்பாற்றிக் கரையேற்றுவதே பெரும்பாடாயிற்று.

நனைந்த உப்பு ஏன் இத்தனை இடையூறு என்று வாசகர் கேட்கலாம். உப்புப் படலத்தின் கீழே இருப்பது சேறு. காய்ந்த படலம் கல்லைப்போல் இறுகி, நான்கு டன் எடையைத் தாங்கும். ஈரம் பட்டால் அது இளகி, சக்கரம் புதைந்து, எஞ்சினின் சக்தியில் பெரும்பகுதி தடம் பறிப்பதிலேயே வீணாகிவிடும். ஜெட் விமானத்தைப்போல் பின்னால் காற்றைப் பீய்ச்சி விரையும் வண்டிக்குச் சக்கரம் உருண்டால் போதும். புளூபேர்டோ தரையைப் பற்றி உந்தியே முன்னேற வேண்டிய வண்டி. போதாக்குறைக்கு, விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, இரண்டின் சராசரியையே காட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் பறிந்த தளத்தில்தான் மறு ஓட்டமும்.

அந்த 1963 ஆகஸ்டில் கிரெய்க் பிரீட்லவ் பான்வில்லில் ஜெட் எஞ்சின் பொருத்திய மூன்று சக்கர வண்டியில் 407 மைல் வேகத்தை எட்டினார். சக்கரங்கள் வழியே உந்தப்படாததால் கார் சாதனையாக அது அங்கீகாரம் பெறவில்லை. ஆயினும் உலகின் கண் அங்கே சென்றுவிட்டது. பழைய ஆதரவு நிறுவனம் விலக, பத்திரிகைகளும் கேம்பெல்லின் தைரியத்தைச் சந்தேகித்தன. மழைக்காக ஒரு மனிதரைக் கோழை என்று ஏசியது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

1964இல் அவர் திரும்பி வந்தபோதும் மழை விடவில்லை. ஏரி முழுதும் உலரக் காத்திருந்தால் மற்றுமொரு வருஷம் கழியும் என்ற நிலையில், ஜூலை 17ஆம் தேதி, ஈரம் வற்றாத தளத்தில் அவர் காரைச் செலுத்தினார். சக்கரங்கள் உப்பை அறுத்து ஆழ்ந்த தடங்களைப் பதித்தன. போனபோதும் 403.1, வந்தபோதும் 403.1 மைல். 1947இல் ஜான் காப் நிறுவிய 394 மைல் சாதனை முறிந்தது. ஐந்நூறுக்கு அருகே செல்லவேண்டிய வண்டி என்ற நினைவால் கேம்பெல்லுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அவருடைய மனக்குறை நியாயமானதே. எனினும் அன்றைய தரையைக் கருதுமிடத்து, அந்த 403ஐ உலர்ந்த உப்பில் ஓடிப் பெறும் எந்தப் பெரிய எண்ணுக்கும் குறைந்ததாக என்னால் மதிக்க முடியவில்லை.

அதே ஆண்டிலேயே ஜலத்திலும் சாதனை நிறுவ எண்ணியவரைக் காற்று வழிமறித்தது. அலையடங்கிய நீர்ப்பரப்புக்காக அவர் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யுங் ஏரியில், டிசம்பர் 31ஆம் தேதி, காற்று சில மணி நேரம் தணிந்தது. கேம்பெல் மணிக்கு 276 மைல் வேகத்தில் படகைச் செலுத்தி, நிலம் நீர் இரண்டிலும் ஒரே ஆண்டில் உலக சாதனை நிறுவிய ஒரே மனிதரானார்.