உங்களுக்குத் தெரியுமா? நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட ‘ஆசியா’

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, சூரியனைச் சுற்றிவர நாலாண்டுக்குச் சற்றே குறைவாக எடுத்துக்கொள்ளும் 67ஆம் எண் சிறுகோளின் பெயர் ‘ஆசியா’. 1861 ஏப்ரல் 17 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வானியலாளர் என்.ஆர்.போக்சன் இதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் இதுதான்; பெயருக்கும் அதுவே காரணம். கண்டவர் ஆங்கிலேயர், ஆய்வகம் காலனி அரசுடையது, இதில் ஆசியாவுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்நாளில் சிறுகோள்களுக்குப் பெரும்பாலும் கிரேக்க, ரோமானியப் புராணப் பெண்களின் பெயரையே சூட்டினார்கள். கிரேக்கப் புராணத்தில் ஆசியா என்றொரு கடல்தேவதையும் உண்டு. ஆகவே இந்தப் பெயர் மரபையும் மீறவில்லை, கண்டறிந்த இடத்தையும் மறைக்கவில்லை. ஆளும் நாட்டு அரசியின் பெயரைச் சூட்டுவதைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

இந்தக் கண்டுபிடிப்பைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றும் தள்ளிவிட முடியாது. புகைப்படம் துணைக்கு வராத காலம் அது. விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, படத்தில் இல்லாத ஒரு மங்கலான புள்ளி அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறுகிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குச் சென்னையில் பலன் தொடர்ந்தது: 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா. இவற்றுள் சில்வியாதான், இரண்டு நிலவுகள் உண்டென்று முதன்முதலில் தெரியவந்த சிறுகோள். அது உறுதியானது 2005இல்.