காய்ச்சல் விடும், நோய் விடாது! போலி மாத்திரைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

அபிஷேகப்பாக்கமோ, பாகூரோ, வில்லியனூரோ... உங்க ஊர் எதுவா இருந்தாலும் இந்தக் காட்சி பழகினதுதான். ராத்திரி நேரம், பாட்டிக்கு உடம்பு அனலா கொதிக்குது. பைக்கை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போறீங்க. "காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுங்கண்ணா!" அவரும் அட்டையில் இருந்து நாலு மாத்திரையை வெட்டி, கவர்ல போட்டுத் தர்றார். பில் கிடையாது. வெட்டின துண்டுல காலாவதி தேதியும் கிடையாது. அந்த மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

யோசிக்க வேண்டிய நேரம்தான் இது. பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி மாத்திரைகள் தயாரிக்கப்பட்டதாக 2025-ம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரியிலேயே சி.பி.சி.ஐ.டி போலீஸார் வழக்குப் பதிந்து சோதனைகள் நடத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப் நாட்டையே உலுக்கியது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்த மாதிரியில், டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு வெறும் 0.1 சதவிகிதம்தான். மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள்.

போலி வேற, தரமற்றது வேற!

இரண்டையும் ஒண்ணா நினைச்சுக்காதீங்க. ஒரு நிறுவனத்தின் பெயரைத் திருடி, வேண்டுமென்றே ஏமாற்றத் தயாரிப்பது போலி மருந்து. அதில் சுண்ணாம்பும் இருக்கலாம், வேற மருந்தும் இருக்கலாம். தரமற்ற மருந்து அப்படியில்லை. லைசென்ஸ் வாங்கிய கம்பெனியே தயாரிச்சிருக்கும். ஆனா மருந்தின் அளவு குறைவா இருக்கும், வயித்துல சரியா கரையாது, இல்லைன்னா வெயில்லயும் ஈரத்துலயும் கிடந்து வீரியம் போயிருக்கும். வளரும் நாடுகளில் புழங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்று இந்த இரண்டு வகைக்குள் வரும் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்கு அதிகமாகப் புகார் வந்தவை ஆன்டிபயாட்டிக்குகளும் மலேரியா மாத்திரைகளும்தான்.

மலேரியாவில் நடந்த மோசடி

போலி மருந்து எப்படிக் கொல்லும்னு புரிஞ்சுக்க, மலேரியா கதையைத் தெரிஞ்சுக்கணும். சீன விஞ்ஞானி டூ யூயூ ஒரு மூலிகையில் இருந்து கண்டுபிடித்த ஆர்ட்டிமிசினின், மலேரியா சிகிச்சையையே மாற்றியது. அதற்காக 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதில் இருந்து வந்ததுதான் ஆர்ட்டிசுனேட் மாத்திரை. நல்ல மருந்துக்குக் கிராக்கி வந்தா, போலியும் பின்னாடியே வரும் இல்லையா?

தென்கிழக்கு ஆசியாவில் கம்போடியா, லாவோஸ் உள்ளிட்ட 5 நாடுகளின் கடைகளில் வாங்கிய ஆர்ட்டிசுனேட் மாத்திரைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 38 சதவிகிதத்தில் அந்த மருந்தே இல்லை! 2001-ல் வெளியான முடிவு இது. அசல் அட்டையில் இருக்கும் பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கரையும் போலிக்காரர்கள் காப்பி அடித்திருந்தார்கள்.

இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? சில போலிகளில் பாராசிட்டமால் இருந்தது. அதைச் சாப்பிட்டா காய்ச்சல் இறங்கிடும். "ஆஹா, மருந்து வேலை செய்யுது"ன்னு நோயாளி நம்பிடுவார். ஆனா ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகிக்கிட்டே இருக்கும். ஃபால்சிபாரம் வகை மலேரியான்னா சில நாள்களில் மூளை வரைக்கும் பாதித்து உயிரையே எடுத்துடும்.

இன்னும் சில போலிகளில் பரிசோதனையை ஏமாற்றுவதற்காகக் கொஞ்சூண்டு அசல் மருந்தைச் சேர்த்திருந்தார்கள். அது நோயாளியைக் காப்பாற்றவும் போதாது, எல்லா ஒட்டுண்ணிகளையும் கொல்லவும் போதாது. தாக்குப்பிடிக்கிற ஒட்டுண்ணிகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். அப்புறம் அசல் மருந்துக்கே அவை கட்டுப்படாது. கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாலும் இதேதான் நடக்கும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்தக் கும்பலைத் தேடிப்போன கதையும் சுவாரஸ்யமானது. போலி மாத்திரைகளில் ஒட்டியிருந்த மகரந்தத் தூள்களையும் தாதுப்பொருள்களையும் மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்து, இவை தெற்கு சீனாப் பக்கம் தயாரானவைன்னு விஞ்ஞானிகள் கணித்தார்கள். அந்தத் தகவல் சீன போலீஸுக்குப் போய், கைதும் நடந்தது. ஆனாலும் பிரச்னை தீரலை. தரமற்ற, போலி மலேரியா மருந்துகளால் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும் ஆண்டுக்கு 1,16,000 பேர் வரை கூடுதலாக இறந்திருக்கலாம்னு லண்டன் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன?

கொசுக்களை ஆராயும் மத்திய அரசின் 'வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர்' 1975-ல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். இன்னைக்கு நம்ம பக்கம் மலேரியா குறைவு. ஆனா ஒடிசா, சத்தீஸ்கர் மாதிரியான மாநிலங்களில் இன்னும் இருக்கு. வேலைக்கோ, டூருக்கோ போய்ட்டு வர்றவங்களுக்குக் காய்ச்சல் வந்தா ரத்தப் பரிசோதனை அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிட்டு, நோய் போயிடுச்சுன்னு இருந்துடாதீங்க.

மலேரியாவுக்கு மட்டும் இல்லை, பி.பி., சுகர், ஆன்டிபயாட்டிக் எல்லாத்துக்கும் இதே ஆபத்துதான்.

நீங்க செய்ய வேண்டியது...

பில் கேளுங்க. பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் அதில் இருக்கணும். பிரச்னைன்னு வந்தா, உங்க கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

அட்டையைப் பாருங்க. நாலு மாத்திரைதான் வேணும்னாலும் முழு அட்டையை வாங்கிப் பார்த்து, ஃபோனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. எழுத்துப்பிழை, மங்கலான அச்சு, நிறம் மாறின, உதிர்கிற மாத்திரை எதுவா இருந்தாலும் வாங்காதீங்க.

ஸ்கேன் பண்ணுங்க. அதிகம் விற்பனையாகும் 300 பிராண்டுகளில் க்யூ.ஆர் கோடு அல்லது பார்கோடு இருப்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். ஸ்கேன் பண்ணா பேட்ச் நம்பர், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் வரணும். வந்தா மட்டும் போதாது; கோடையும் காப்பி அடிக்கலாம். அதனால, அட்டையில் அச்சாகியிருக்கிறதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

பாதி விலைன்னா உஷார். தெரியாத ஆப், வாட்ஸ்அப் குரூப்பில் 'பிராண்டட் மாத்திரை பாதி விலை'ன்னு வந்தா தள்ளியே இருங்க. விலை குறைவா வேணும்னா மக்கள் மருந்தகம் இருக்கு.

வெயில்ல வைக்காதீங்க. பைக் பெட்டி, டி.வி-க்கு மேல, சமையல் மேடை... இங்கெல்லாம் வெச்சா நல்ல மாத்திரையும் வீணாகும். அதுவும் நம்ம கடலோர ஈரக்காத்துக்கு மூடின டப்பாதான் சரி.

காலாவதி அட்டையை வெட்டிப் போடுங்க. காலாவதியான மருந்துகளைச் சேகரித்து, தேதியை மாற்றி மறுபடி விற்ற கும்பல் 2010-ல் சென்னையில் பிடிபட்டது. முழு அட்டையா குப்பையில் போட்டா, அது திரும்ப யார் வீட்டுக்குப் போகும்னு சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால்?

முதல் விஷயம், பதறிப்போய் பி.பி., சுகர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அட்டையையும் பில்லையும் எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. மாத்திரை சாப்பிட்டும் நோய் கட்டுப்படலைன்னா, "இந்த பேட்ச்தான் சாப்பிட்டேன்"னு அவர்கிட்ட காட்டுங்க. தரமற்ற மருந்தைக் கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது; லேப்தான் சொல்லும். மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி அரசு ஆய்வகத்தில் பரிசோதிக்கச் சொல்லலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் கொடுக்கலாம். பக்கவிளைவு ஏற்பட்டா 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். போலி மருந்தால் உயிர் போனால், குறைந்தபட்சம் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை கொடுக்க இந்தச் சட்டத்தில் இடம் இருக்கு.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், அப்பா அம்மா, தாத்தா பாட்டியோட மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்க. தேதி தெரியாத துண்டு அட்டைகள் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. அடுத்த மாத மாத்திரையை வாங்கும்போது, முழு அட்டையா, பில்லோட வாங்கிட்டு வாங்க.