மின் கிதாரின் கரகரப்பு: குற்றமோ? குணமோ?

தோற்றுவாய்

கல்லூரிகளில் ஆண்டுதோறும் நிகழும் கலை விழாக்களில் பின்வரும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். மாணவன் ஒருவன் மின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறுகின்றான். முதலில் தெளிந்த நாதம் எழுகின்றது. அவையினர் அமைதியாகக் கேட்கின்றனர். சிறிது நேரம் சென்றதும், தன் காலடியில் கிடக்கும் சிறு பெட்டி ஒன்றை அவன் மிதிக்கின்றான். அந்நொடியே நாதம் தடித்து, கரகரத்து, நீண்டு முழங்குகின்றது. இளைஞர் ஆர்ப்பரிக்கின்றனர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவரோ அருகிலிருப்பவரிடம், "மைக் செட் கெட்டுவிட்டதா, தம்பி?" என வினவுகின்றார்.

இவ்வினா நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. அவ்வோசையின் தொடக்க வரலாற்றில் கெட்டுப்போன கருவிகளுக்கும் பங்குண்டு. அங்ஙனமாயின், கருவியின் கேடு எவ்வாறு கலையின் கூறாயிற்று? குற்றம் எந்த இடத்தில் குணமாகின்றது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகாரின் யாழும் நரம்பின் குற்றமும்

நரம்புக் கருவியின் குற்றம் பற்றிப் பேசுதற்குக் காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரினும் தக்க இடம் வேறில்லை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், மாதவி சுருதி கூட்டித் தந்த யாழைக் கோவலன் வாங்கி இசைத்ததும், பின்னர் அவள் அதனை வாங்கி இசைத்ததும் இக்கடற்கரையில்தான். அவ்விசையே இருவர்தம் பிரிவுக்கும் வாயிலாயிற்று. பழந்தமிழ் யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து ஈழத்து விபுலானந்த அடிகள் இயற்றிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு இக்காவிரி நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியதும் நினைவுகூரத் தக்கது.

யாழ் நரம்பிற்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றங்களை நம் முன்னோர் வகுத்தனர். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், இசைப்போட்டிக்குத் தன்முன் கொணர்ந்த யாழ்களின் மரக்குற்றங்களையும், நரம்பில் கலந்த மயிரையும் எடுத்துக்காட்டிச் சீவகன் அவற்றை ஒதுக்குகின்றான். ஆகவே, குற்றமற்ற நரம்பே நல்லிசைக்கு முதல் என்பது தமிழ் மரபின் உறுதியான கொள்கையாகும். முன்வரிசைப் பெரியவரின் செவி இம்மரபில் பயின்ற செவியே.

தம்புராவின் ஜீவாளி

எனினும், இதே காவிரி நாடு ஓர் அதிர்வைக் குற்றம் என்று தள்ளாது உவந்து ஏற்றுக்கொண்டது. தஞ்சையில் பலாமரத்தால் இழைக்கப்பெறும் தம்புராவை எடுத்துக்கொள்வோம். அதன் தந்திகள் மேற்புறம் சற்றே வளைந்த குதிரையின்மீது செல்கின்றன. தந்திக்கும் குதிரைக்கும் இடையே மெல்லிய நூலொன்றைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பர். குறிப்பிட்ட ஓர் இடத்தில் நூல் அமைந்ததும், தந்தி குதிரையைத் தொட்டும் தொடாமலும் அதிர்ந்து, ஒருவகை ரீங்காரத்தை எழுப்பும். இதற்கு ஜீவாளி என்று பெயர். நூலை எடுத்துவிட்டால் ஓசை மங்கிவிடும், உயிரற்றதாகத் தோன்றும்.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி.வி. இராமன், வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பைப் பற்றி 1921இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தைக் கணுவாக உடைய மேற்சுரங்கள் எழா என்பது மேனாட்டு அறிஞர் கண்ட விதி. இந்தியக் கருவிகளிலோ அம்மேற்சுரங்களும் தெளிவாக ஒலிப்பதையும், அதற்குக் குதிரையின் தனித்தன்மையே காரணம் என்பதையும் இராமன் எடுத்துக்காட்டினார். தந்தி தடையின்றி அதிராது குதிரையில் பட்டுப் பட்டு எழுவதனாலேயே மேற்சுரங்கள் பெருகுகின்றன. தூய அதிர்வில் செய்த ஒரு சிறு குலைவு ஓசைக்கு உயிரூட்டுகின்றது என்பதே இதன் கருத்து. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு மின் கிதாரை நோக்குவோம்.

மின் கிதாரும் வாய்க்கால் கரையும்

கிதார் என்னும் சொல் கிரேக்கத்தின் 'கிதாரா' என்பதிலிருந்து அரபு மொழியின் வழியாக ஸ்பானிய நாட்டுக்குச் சென்றது என்பர். மின் கிதாரில் யாழின் பத்தரைப் போன்ற குடைந்த வயிறு வேண்டுவதில்லை. எஃகுத் தந்திகளின் கீழே, காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள் பொருத்தப்பட்டிருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தியின் அதிர்வு இச்சுருளில் சிறிதளவு மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கின்றது. அது பெருக்கி எனப்படும் ஆம்ப்ளிஃபையரில் பன்மடங்காகி, ஒலிபெருக்கியின் வாயிலாக நம் செவியை அடைகின்றது.

எப்பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. நம் வயல்வெளி வாய்க்காலை உவமையாகக் கொள்ளலாம். மதகை அளவாகத் திறந்தால் நீர் தன் அலையோடு கரைக்குள் ஓடும். மிகுதியாகத் திறந்தால் கரைக்கு மேற்பட்ட நீர் வழிந்துவிட, கரைமட்டத்திலேயே நீர் நிற்கும். அதுபோன்றே, பெருக்கியின் எல்லையை மீறி மின்னலை வரும்போது, அலையின் முகடும் அகடும் அறுக்கப்பட்டுத் தட்டையாகின்றன. திருமண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியில், மைக் செட்காரர் விசையை முழுவதும் திருகியதும் பாடகரின் குரல் கிழிபடுவதை நாம் கேட்டிருக்கின்றோம் அல்லவா? அதுவும் இதுவும் ஒன்றே.

முகடு அறுபட்ட அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. கிதாரின் ஐந்தாம் தந்தி விநாடிக்கு 110 முறை அதிர்வது. தூய 110 ஹெர்ட்ஸ் அலையின் முகட்டையும் அகட்டையும் ஒரே அளவாக அறுத்தால், அதன் ஒற்றைப்படை மடங்குகளாகிய 330, 550, 770 ஆகியவை தோன்றும். இரண்டையும் வெவ்வேறு அளவாக அறுத்தால், 220, 440 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் உடன் தோன்றும். மேற்சுரம் மிகுவதனால் நாதம் தடிக்கின்றது. மேலும், தந்தியின் அதிர்வு மெல்லமெல்லத் தணிந்தாலும், அது கரைமட்டத்துக்கு மேலிருக்கும் வரையில் வெளிவரும் ஓசையின் வலிமை குறைவதில்லை. ஆதலின் நாதம் நெடுநேரம் நீள்கின்றது. தம்புராவில் நூல் செய்வதற்கும் இங்கே மின்சுற்று செய்வதற்கும் வழி வேறு. மேற்சுரத்தைப் பெருக்கும் விளைவு மட்டும் ஒருபுடை ஒக்கும்.

பழுதிலிருந்து பிறந்த கலை

இவ்வோசையின் வரலாறு மற்றோர் ஆற்றுப்படுகையோடு தொடர்புடையது. அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவைச் சேர்ந்த ஐக் டர்னரின் குழுவினர், 1951இல் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாடலைப் பதிவு செய்தனர். வழியில் அவர்களது கிதார்ப் பெருக்கி பழுதுபட்டதாம். பதிவுக்கூடத்தை நடத்திய சாம் ஃபிலிப்ஸ், சிதைந்த ஒலிக்கூம்பில் தாளை அடைத்து, அக்கரகரப்போடேயே பதிவு செய்தார் என்பர். 1958இல் லிங்க் ரே என்பவர் 'ரம்பிள்' என்னும் இசைக்காகத் தம் ஒலிபெருக்கியின் கூம்பில் வேண்டுமென்றே துளையிட்டார். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் சவர அலகால் அதனைக் கீறினார்.

இவற்றினும் சிறந்த படிப்பினை நாஷ்வில் நகரில் கிடைத்தது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றைப் பதிவு செய்கையில், ஒலிக்கலவைப் பொறியின் ஒரு பகுதி பழுதுற்றுக் கரகரத்தது. பொறியாளர் கிளென் ஸ்நாடி அப்பழுதை ஆராய்ந்து, அதே ஓசையைத் தரும் மின்சுற்றொன்றை உருவாக்கினார். அதனை கிப்ஸன் நிறுவனம் 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் அதனைக் கையாள, அதன் புகழ் உலகெங்கும் பரவிற்று.

காலடிப் பெட்டியின் உள்ளமைப்பு

இப்பெட்டிக்குப் பெடல் என்று பெயர். பெரும்பாலும் 9 வோல்ட் மின்கலத்தால் இயங்குவது. அதனுள் சிறு பெருக்கி ஒன்றும், டையோடுகள் சிலவும் உள்ளன. சிலிக்கன் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட் அளவில் மின்னோட்டத்துக்கு வழிவிடும். அதற்கு மேற்பட்ட முகடு அவ்வளவோடு தடுக்கப்படும். நாம் கூறிய வாய்க்கால் கரை இதுவே. கரையைத் தாழ்வாக அமைத்துவிட்டமையால், பெரும் பெருக்கியை முழு வலிமையில் முழக்க வேண்டிய தேவை இல்லை. சிறிய அறையிலும் தாழ்ந்த ஓசையில் கரகரப்பைப் பெறலாம்.

முகட்டை மென்மையாக வளைத்து அடக்குவது ஓவர் டிரைவ். வன்மையாக அறுப்பது டிஸ்டார்ஷன். ஏறக்குறையச் சதுர வடிவாகவே ஆக்கிவிடுவது ஃபஸ். ஜப்பானிய பாஸ் நிறுவனம் 1977இல் ஓடி-1 என்னும் ஓவர் டிரைவையும், 1978இல் டிஎஸ்-1 என்னும் டிஸ்டார்ஷனையும் வெளியிட்டது. ஓவர் டிரைவின் சிறப்பு, அது கலைஞனின் கைவிரலுக்குக் கட்டுப்படுவது. மென்மையாக மீட்டினால் அலை கரைக்குள் அடங்கித் தெளிவாக ஒலிக்கும். அழுத்தி மீட்டினால் கரகரக்கும். பெட்டியின்மேல் பெரும்பாலும் மூன்று திருகுகள் இருக்கும். டிரைவ் மதகின் திறப்பை ஒத்தது. டோன் மேற்சுரங்களை மட்டுப்படுத்துவது. லெவல் வெளிச்செல்லும் ஓசையின் அளவைத் தீர்மானிப்பது.

கிளையும் பகையும்

இரு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது மேலும் ஒரு புதுமை நிகழ்கின்றது. அறுபட்ட அலையில் அவ்விரண்டின் கூட்டலும் கழித்தலும் ஆகிய அதிர்வுகளும் பிறக்கும். 110 ஹெர்ட்ஸும் அதன் ஐந்தாம் சுரமாகிய 165 ஹெர்ட்ஸும் சேர்ந்தால், கழித்தல் 55, கூட்டல் 275. இரண்டுமே 55இன் மடங்குகள். ஆதலின் அனைத்தும் ஒன்றோடொன்று இயைந்து, ஒரு தாழ்ந்த பேரொலி எழுகின்றது. 110ஓடு மூன்றாம் சுரமாகிய ஏறத்தாழ 138.6 ஹெர்ட்ஸைச் சேர்த்தாலோ, பிறக்கும் அதிர்வுகள் எவ்வரிசையிலும் பொருந்தாமல் மோதுகின்றன. இதனாலேயே ராக் இசைக் கலைஞர் கரகரப்பில் மூன்றாம் சுரத்தை விடுத்து, ச-ப உறவையே பெரிதும் பற்றுகின்றனர்.

சிலப்பதிகார உரைமரபு, நின்ற நரம்பிற்கு ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், மூன்றையும் ஆறையும் பகை என்றும் கூறுவதை இங்கே ஒப்பிட்டு நோக்கலாம். உரைகாரர் மின்கருவியை நினைந்து கூறியவர் அல்லர். ஆயினும், நரம்புகளின் உறவை நுணுகிக் கேட்ட அவர்தம் சொற்கள் இப்புதிய ஓசைக்கும் பொருந்தி வருவது வியத்தற்குரியது.

தமிழிசை கற்போர் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். கமகத்திற்கு நீளும் நாதம் இன்றியமையாதது. மாண்டலின் யூ. சீனிவாஸ் (1969-2014) இரட்டைத் தந்திகள் கொண்ட மேனாட்டு மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கைக்கொண்டார். இராணிப்பேட்டையில் பிறந்த கிதார் பிரசன்னா, மின் கிதாரில் கருநாடக இசையை வளர்த்ததோடு, ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் போற்றி 2006இல் 'எலக்ட்ரிக் கணேசாலாண்ட்' என்னும் இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். நம் கமகமும் மேனாட்டுக் கரகரப்பும் ஒரே தந்தியில் கூடி வாழ இயலும் என்பதற்கு இது சான்று.

பெரியவர் செவி பிழைத்ததா?

மீண்டும் நம் மேடைக்கு வருவோம். கிதாருக்கென அமைந்த ஒலிபெருக்கி, ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசைகளைப் பெரிதும் குறைத்தே ஒலிக்கும். கரகரப்பின் கூர்மை அதனால் மழுங்கி இனிமையாகும். பெடலை நேராக மேடையின் மைக் செட்டில் இணைத்துவிட்டால், அக்கூரிய மேற்சுரங்கள் அனைத்தும் செவியைத் துளைக்கும். கிதார்ப் பெருக்கியின்முன் ஒலிவாங்கியை வைப்பதே முறை. அது கிட்டாதபோது, அப்பெருக்கியின் ஓசையைப் போலச் செய்யும் கருவியை இடையில் இணைத்தல் வேண்டும். இதனை அறியாத மேடையில் பெரியவரின் வினா முழுக்க முழுக்க நியாயமானதே.

கரகரப்பு பிழையை மறைக்கும் என்று எண்ணும் மாணவரும் உளர். அது பேதைமை. கை தவறித் தொட்ட தந்தியின் சிற்றோசையையும் பெடல் பெருக்கிக் காட்டிவிடும். மீட்டாத தந்திகளை உள்ளங்கையால் அடக்கப் பழகியவனுக்கே இவ்வோசை அடங்கும். தெளிந்த நாதத்தில் பயின்று தேர்ந்த பின்னரே பெடலைத் தொடுதல் நன்று.

முடிவுரை

குற்றம் குணமாவதற்கு மூன்று நிலைகள் வேண்டும் என்பது இதுகாறும் கண்டவற்றால் புலனாகும். ஒன்று, அதனை அறிந்து செய்தல். இரண்டு, அளவோடு செய்தல். மூன்று, வேண்டும்போது அதனின்று மீளுதல். நரம்பில் தெரியாமல் கலந்த மயிர் குற்றம்; தம்புராவில் தேர்ந்து செருகிய நூல் குணம். அதனை எடுத்துவிடவும் இயலும். கிழிந்த ஒலிக்கூம்பு மீண்டும் தெளிவாக ஒலியாது. பெடலோ ஒருமுறை மிதித்தால் கரகரக்கும், மறுமுறை மிதித்தால் தெளியும்.

எனவே, "மைக் செட் கெட்டுவிட்டதா?" என்று வினவும் பெரியவர்க்கு மாணவன் சொல்லால் விடை கூற வேண்டுவதில்லை. பெடலை மறுமுறை மிதித்து, அதே பண்ணைத் தெளிந்த நாதத்தில் பிழையின்றி இசைத்துக் காட்டினால் போதும். கெட்டது ஒன்றுமில்லை என்பதை அவர் செவியே அவருக்கு உணர்த்தும்.