நான்கு மணி நேரமும் சில நூல்களும்

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வாரம் மூன்று முறை வருவோர், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 600 மணி நேரத்திற்கும் மேலாக ஒரே நாற்காலியில் கழிக்கின்றனர். சிலர் உறங்குகின்றனர், சிலர் கைப்பேசியில் மூழ்குகின்றனர், சிலர் இயந்திரத்தின் திரையில் இறங்கிக்கொண்டிருக்கும் நிமிடக் கணக்கையே பார்த்திருக்கின்றனர். உடன் வருவோருக்கோ வெளியே உள்ள பெஞ்சில் அதே நான்கு மணி நேரம். "படிக்க ஏதாவது சொல்லுங்கள், டாக்டர்" என்று இரு தரப்பினரும் எம்மிடம் கேட்பதுண்டு.

நாம் இலக்கிய விமர்சகர் அல்லோம். பணி முடிந்து படுக்கும் முன் பத்துப் பக்கம் படிப்போம். பிடிக்காத நூலைப் பாதியிலேயே மூடி வைக்கத் தயங்கமாட்டோம். எனவே இங்கு வருவன ஒரு சாதாரண வாசகரின் விருப்பு வெறுப்புகளே. அவற்றுள் அறிவியல் புனைகதைகள் சற்று மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உடலை இயந்திரத்தோடு இணைத்துக்கொண்டு வாழ்வதையும், ஒருவரின் உறுப்பு மற்றொருவரின் உடலில் வேலை செய்வதையும் பற்றிப் பிற நாவல்கள் அரிதாகவே பேசுகின்றன. இவ்வகைக் கதைகளோ நெடுங்காலமாக அவற்றையே பேசி வருகின்றன.

எம் நோயாளிகளுக்கு முதலில் நாம் பரிந்துரைப்பது ஆண்டி வீர் எழுதிய 'தி மார்ஷியன்'. கணினிப் பொறியாளரான அவர், 2011ஆம் ஆண்டில் தம் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்ட கதை அது. பின்னரே பெரிய பதிப்பகத்தின் வழியாக அச்சு நூலாக வந்தது. செவ்வாய்க் கோளில் தனியே விடப்பட்ட ஒரு தாவரவியலாளர், மீட்புக் கலம் வரும் வரை உயிரோடிருக்க வேண்டும். இருக்கும் உணவு எத்தனை நாளுக்கு வரும், தண்ணீர் எத்தனை லிட்டர், நாளொன்றுக்கு எத்தனை கலோரி என்று அவர் போடும் கணக்கே நாவலின் பெரும்பகுதி. இலக்கியச் சுவை குறைவு என்று குறை கூறுவோர் உண்டு. நாள் முழுவதற்கும் அளந்து வைத்த தண்ணீரைக் கோடைக் காலத்தில் மிடறு மிடறாகப் பங்கிட்டுக் குடிப்பவர்களிடம் அந்த நூலைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு அதன் ஒவ்வொரு பக்கமும் விளங்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: கதாநாயகர் உருளைக்கிழங்கை விளைவித்து, அதையே தின்று உயிர் பிழைக்கிறார். பொட்டாசியம் மிகுந்த அந்த உணவுத் திட்டத்தை எங்கள் உணவியல் நிபுணர் ஒருநாளும் அங்கீகரிக்கமாட்டார்.

பழைய நூல்களில் எச். ஜி. வெல்ஸ் எமக்கு உகந்தவர். 1898ஆம் ஆண்டு வெளிவந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில், எந்தப் பீரங்கியாலும் வெல்ல முடியாத செவ்வாய்வாசிகளைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வீழ்த்திவிடுகின்றன. மருத்துவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான முடிவு இராது! ஆனால் அவரை இங்கு குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெல்ஸ் ஒரு நீரிழிவு நோயாளி. 1934ஆம் ஆண்டு, தாமும் நீரிழிவு உடையவரும், இன்சுலினால் உயிர் பிழைத்தவருமான மருத்துவர் ஆர். டி. லாரன்ஸுடன் சேர்ந்து பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். 'டயாபடிஸ் யுகே' என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. எங்கள் பிரிவில் உள்ளோரில் பலரை இங்கு கொண்டுவந்து சேர்த்ததும் நீரிழிவுதான் என்பதால், கால இயந்திரத்தைக் கற்பனை செய்தவர் என்பதைக் காட்டிலும், நோயாளிகளை ஓரிடத்தில் கூட்டியவர் என்பதற்காகவே அவரை அதிகம் மதிக்கிறோம்.

தமிழில் படிக்க விரும்புவோர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் தொடங்கலாம். 1980களில் தொடராக வந்தபோது தொலைதூர எதிர்காலமாகத் தோன்றிய ஆண்டுகளை நாம் இப்போது கடந்துவிட்டோம். அதில் சொன்னவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பட்டியல் போடுவது எமக்கு உவப்பன்று. அறிவியல் புனைகதை ஒன்றும் சோதிடம் அல்ல. ஜீனோ என்னும் அந்த இயந்திர நாய் பேசும் பேச்சுக்காகவே அதை மீண்டும் படிக்கலாம்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818ஆம் ஆண்டு வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 20. இயற்கையை மீறாதே என்று அறிவியலாளரை எச்சரிக்கும் கதையாகவே அதைப் பலரும் கூறுவர். எம் வாசிப்பு சற்று வேறானது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உயிரைப் படைத்ததில் இழைத்த பிழையைக் காட்டிலும், அது கண் விழித்தவுடன் அஞ்சி ஓடிவிட்டாரே, அதுதான் பெரும் பிழை. அறுவை சிகிச்சை செய்துவிட்டு மறுநாள் வார்டுக்கு வராத மருத்துவரை எண்ணிப் பாருங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் தம் வாழ்நாள் முழுவதும் மருந்தோடும் பரிசோதனைகளோடும் எம்மோடும் உறவு கொண்டிருக்க வேண்டியவர். இந்நாவல் எமக்கு நினைவூட்டுவது அந்தக் கடமையையே.

அடுத்த நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்தின் ஓர் உறைவிடப் பள்ளியில் வளரும் பிள்ளைகளின் கதையாகத் தொடங்குகிறது. அப்பிள்ளைகள் பிறருக்கு உறுப்புகளைத் தருவதற்கென்றே உருவாக்கப்பட்டவர்கள் என்பது மெல்ல மெல்லப் புலப்படுகிறது. கதையைச் சொல்லும் கேத்தி, உறுப்புகளை அளித்துவிட்டுப் படுத்திருப்போரைப் பராமரிப்பவள். காரை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வதும், கட்டிலருகே அமர்ந்திருப்பதும், அவர்கள் கலங்காதபடி பேசிக்கொண்டிருப்பதும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளாக அவளது வேலை. பராமரிப்போரின் களைப்பையும், தனிமையையும், தம் வேலையை நன்றாகச் செய்கிறோம் என்ற சிறு பெருமிதத்தையும் இத்தனை துல்லியமாகச் சொன்ன வேறொரு நாவலை நாம் படித்ததில்லை. பெஞ்சில் காத்திருப்போர் இதைப் படிக்கலாம். மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டவர்கள் மட்டும், வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆன பின்னர் படிப்பது நலம்.

"அவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை?" என்பதே இந்நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் எழுப்பும் கேள்வி. வேலி இல்லை, காவலர் இல்லை, கையில் கார் இருக்கிறது, இருந்தும் ஒருவரும் ஓடுவதில்லை. இதை நாவலின் குறையாகக் கருதுவோரும் உளர். எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. இது உன் கடமை என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள், மறுப்பதற்கும் ஒரு வழி உண்டு என்பதையே அறிவதில்லை. நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் அளிப்போரில் பெண்களே மிகுதி. பெறுவோரில் ஆண்களே மிகுதி. தாயும் மனைவியும் அன்பினால் அளிக்கின்றனர் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும், "தம்பிக்கு அக்கா கொடுக்காமல் வேறு யார் கொடுப்பார்?" என்று வீட்டார் பேசி முடித்துவிட்டு அழைத்து வரும்போது, அந்த அக்காவிடம் எவரேனும் கேட்டார்களா என்ற எண்ணம் எமக்கு எழாமல் இராது. இந்நாவலைப் படித்து முடித்த ஓர் அம்மையார், "கொடுக்க மனம் இல்லாதவர் அதை யாரிடம் சொல்வது, டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்பது போல் எம்மிடம் கேட்டார். கேள்வி நாவலைப் பற்றியது அன்று என்பது இருவருக்கும் தெரியும்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். கொடையாளராக முன்வருபவரிடம் குடும்பத்தினர் எவரும் இல்லாத அறையில் நாங்கள் தனியே பேசுவோம். அறுவை அரங்கிற்குள் செல்லும் வரை, எக்கணத்திலும் அவர் மனம் மாறலாம். கையொப்பமிட்ட பின்னரும் மாறலாம். அவ்வாறு மாறினால், அவர் கொடையாளராக ஏற்கத்தக்கவர் அல்லர் என்பதோடு குடும்பத்தினரிடம் எங்கள் பேச்சு முடிந்துவிடும். காரணத்தைச் சொல்லமாட்டோம்.

லாரி நிவன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1967ஆம் ஆண்டிலேயே 'தி ஜிக்சா மேன்' என்ற சிறுகதையில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். உறுப்புகளுக்குத் தேவை பெருகப் பெருக, அற்பக் குற்றங்களுக்கும் மரண தண்டனை விதித்து, உடலைப் பங்கிட்டுக்கொள்ளும் சமுதாயம் அது. நடை சற்றுக் கரடுமுரடுதான். ஆயினும் உறுப்பு வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் 1994ஆம் ஆண்டு இந்தியாவில் ஏன் இயற்றப்பட்டது என்பதை எங்கள் விளக்கக் கையேட்டைக் காட்டிலும் இக்கதை தெளிவாகப் புரிய வைக்கும்.

எமக்குச் சற்றும் பிடிக்காத நூல் வகையும் ஒன்று உண்டு. பழுதடைந்த சிறுநீரகத்தை நாற்பது நாளில் சாறும் பொடியும் கொண்டு மீட்டுவிடலாம் என்று கூறுபவை. செவ்வாய்க்கு மனிதரை அனுப்பும் நூலாசிரியர், தாம் எழுதுவது கற்பனை என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறார். இவர்கள் அதைச் சொல்வதில்லை. அத்தகைய நூலை நம்பி இரண்டு வாரம் டயாலிசிஸை நிறுத்தியவர், மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்வதை நாம் கண்டிருக்கிறோம். உங்கள் உறவினர் எவரேனும் அன்போடு அப்படியொரு நூலைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை முதலில் எங்களிடம் காட்டுங்கள். அவரை நாங்கள் திட்டமாட்டோம்.

இனி நாற்காலியில் படிப்பது பற்றிச் சில சொற்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி இருக்கும்போது அதை அசைக்கலாகாது என்பதால், ஒரே கையால் பிடிக்கத்தக்க மெல்லிய நூலாக இருப்பது நல்லது. 'பொன்னியின் செல்வன்' வேண்டுமெனில் ஐந்து பாகங்களும் தனித்தனியாக உள்ள பதிப்பைக் கொண்டு வாருங்கள். ஒரே தொகுதியாகக் கட்டியது வேண்டாம். ஆங்கில நாவலை வெளியில் அமர்ந்து படித்துவிட்டு, அடுத்த முறை தம் தந்தைக்குத் தமிழில் கதையாகச் சொல்லும் ஒரு மகளை அறிவோம். பக்கத்து நாற்காலிக்காரர்களும் அதற்காகவே தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுகின்றனர். கடைசி ஒரு மணி நேரத்தில் எழுத்துகள் மங்கினாலோ, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்தாலோ, கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிராதீர்கள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கலாம். நூலை மூடிவிட்டு உடனே செவிலியரை அழையுங்கள்.