ஓட்டல் வளர்ந்த கதையும் மளிகைக் கடைக் கணக்கும்

நம் சங்க உறுப்பினர்களில் ஓட்டல்களுக்குச் சரக்குப் போடாதவர் குறைவு. தெருமுனை மெஸ் முதல் பத்துக் கிளை வைத்திருக்கும் நிறுவனம் வரை துவரம்பருப்பும் உளுந்தும் நம்மிடமிருந்துதான் போகின்றன. பில் தொகை கூடினால் மகிழ்கிறோம். பாக்கி கூடினால் வருந்துகிறோம். ஆனால் ஓர் ஓட்டல் எப்படிப் பல ஓட்டல் ஆகிறது, அந்த வளர்ச்சியில் நம் சரக்குக்கும் நம் பணத்துக்கும் என்ன பங்கு என்பதை நின்று கவனித்தவர்கள் சிலரே. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறோம்.

கோவைக்காரர்களுக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. அன்னபூர்ணா இருக்கிறது. அதை நிறுவிய கே. தாமோதரசாமி நாயுடு அவர்கள் 1960-களில் கென்னடி தியேட்டரில் பலகாரக் கடை நடத்தித் தொழிலைத் தொடங்கியவர். தியேட்டர் வியாபாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இடைவேளை பத்து நிமிடம். அதற்குள் கூட்டம் முழுவதற்கும் சூடாகக் கொடுத்து, காசு வாங்கிப் போட வேண்டும். தாமதமானால் அன்றைய சரக்கு வீண். 1968-ல் ஆர்.எஸ். புரத்தில் அன்னபூர்ணா ஓட்டல் பிறந்தது. சகோதரர்களும் தொழிலில் உடன் நின்றனர். பின்னர் கௌரிசங்கர் என்ற பெயரும் சேர்ந்தது, தங்கும் விடுதி வந்தது, நகரின் பல பக்கங்களிலும் கிளைகள் வந்தன. அதன் சாம்பாருக்கு இருக்கும் பெயர் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஓட்டல் என்றால் சரக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் போதும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சாம்பார் சரியில்லை என்றால் எழுந்து உள்ளே போவார். ஐந்து கிளை, பத்துக் கிளை ஆனபின் அது நடவாது. ஒரு கிளையில் தின்ற சாம்பார் இட்லிபோல இன்னொரு கிளையில் இல்லாவிட்டால் பெயரே கெட்டுவிடும். ஆகவே கைப்பக்குவத்தை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனை கிலோ பருப்புக்கு இத்தனை புளி, இத்தனை மிளகாய்ப் பொடி என்று எழுதி வைக்க வேண்டும். மாவரைக்கும் வேலையை ஆட்டுக்கல்லில் இருந்து மோட்டாருக்கு மாற்றியதும் இந்த ஊர்தான். 1955-ல் சபாபதி என்பவர் தொடங்கிவைத்த வெட் கிரைண்டர் தொழில் பின்னாளில் கோவைக்குப் புவிசார் குறியீடே வாங்கித் தந்தது. கிரைண்டர் வராமல் இருந்தால் இத்தனை கிளைகளுக்கும் தோசை மாவு ஏது?

அளவு எழுதி வைத்தால் மட்டும் போதாது, சரக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கேதான் நாம் வருகிறோம். குல்பர்காப் பருப்புக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் துவரையை உடைத்த பருப்புக்கும் வேகும் பதம் வேறு. புது உளுந்து கிரைண்டரில் பொங்கி மாவு நன்றாகக் காணும்; பழைய உளுந்து அந்த அளவு காணாது. புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது செம்பழுப்பாக இருக்கும், வருடம் திரும்பினால் கறுத்துவிடும். ஒருமுறை நாங்கள் பழம்புளி மூட்டைகளை ஓர் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டோம். விலையும் குறைத்துத்தான் போட்டிருந்தோம். மறுநாள் காலை ஆறரைக்கு அந்த ஓட்டல் ஸ்டோர் கீப்பர் போனில் வந்தார். "புளி மாத்திட்டீங்களா? சாம்பார் கறுக்குதுங்க" என்றார். நாற்பது ஆண்டு ரங்கே கவுடர் வீதியில் இருந்து கற்றதைவிட அந்த ஒரு போனில் அதிகம் கற்றோம். அன்றுமுதல் ஓட்டலுக்குப் போகும் லாட்டில் ஒரு கிலோ சாம்பிள் எடுத்து, தேதி எழுதி வைத்துக்கொள்கிறோம். லாட் மாறினால் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

மளிகைக்காரரே ஓட்டல்காரர் ஆன கதையும் தமிழ்நாட்டில் உண்டு. சரவண பவன் ராஜகோபால் சென்னையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1981-ல் கே.கே. நகரில் ஓட்டல் தொடங்கியபோது முதலில் நட்டம்தான். மட்டமான சரக்கு வாங்கி, ஆட்களுக்குச் சம்பளத்தைக் குறைக்கும்படி யோசனை சொன்னார்கள். அவர் அதைக் கேட்கவில்லை, நல்ல சரக்கையே போட்டார். பின்னர் கடல் கடந்தும் கிளைகள் விரிந்தன. அதே மனிதர் சாந்தகுமார் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தபின் இறந்தார். கொள்முதலில் அவர் காட்டிய நேர்மையைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை.

இனி வரிக்கு வருவோம். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் தொழில்துறையினரைச் சந்தித்தபோது, அன்னபூர்ணா நிர்வாக இயக்குநர் சீனிவாசன், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்ற சங்கடத்தை எடுத்துச் சொன்னார். அது நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டதும் பேசப்பட்டது. பேக்கரிப் பண்டங்களுக்கான 18 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. நமக்கு வேண்டியது வேறொன்று. 2017 நவம்பர் 15 முதல், அறை வாடகை மிக உயர்ந்த விடுதிகளில் உள்ளவை நீங்கலாக, ஓட்டல்கள் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வசூலிக்கின்றன. ஆனால் தாம் வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. நாம் பில்லில் போடும் வரி முழுவதும் அவர்கள் அடக்கத்தில் விழுகிறது. ஓட்டல்காரர் வரியோடு சேர்த்து விலை பேசுவது இதனால்தான். அவரைக் கறார்காரர் என்று குறை சொல்லிப் பயனில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பருப்பு மூட்டைக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. ஆகவே ஓட்டலுக்கு 30 கிலோ, 50 கிலோ மூட்டையே போடுங்கள். நெய் 12-லிருந்து 5-க்கு இறங்கியதையும் விலையில் காட்டுங்கள்.

கடைசியாகக் கடன். பெயர் வேண்டாம், நன்றாக நடந்த ஓர் ஓட்டல். முப்பது நாள் தவணை தவறியதே இல்லை. இரண்டாவது கிளை திறந்தார், நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. மூன்றாவது கிளைக்கு நாமே மாலையோடு போனோம். அதன்பின் தொண்ணூறு நாள். கிளைக்கு முன்பணமும் மர வேலையும் பாத்திரமும் நம் துவரம்பருப்புப் பணத்தில் நடந்திருக்கின்றன என்பது கடை மூடியபின்தான் விளங்கிற்று. நாலே கால் லட்சம் போனது போனதுதான்.

45 நாளுக்குள் கட்டாத பாக்கியைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் வருமானவரி விதி வந்திருக்கிறதே என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அது சிறு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழிலுக்கும்தான். வணிகர்களை 2021-ல் உத்யம் பதிவில் சேர்த்தபோது வங்கிக் கடனுக்கான முன்னுரிமை மட்டுமே கொடுத்தார்கள்; தாமதப் பாக்கிக்கான பாதுகாப்புக் கொடுக்கவில்லை. நம் பணத்துக்கு நாமே காவல். நாங்கள் இப்போது ஓட்டல் புதுக் கிளை திறந்தால் அந்தக் கிளைக்குப் பேரேட்டில் தனிப் பக்கம் போடுகிறோம். முதல் ஆறு மாதம் வாரப் பட்டுவாடா. பழைய கடையின் தவணை பத்து நாள் நீண்டாலே நேரில் போய் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு, சமையற்கட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். ஸ்டோரில் வேறு கடை மூட்டைகள் இருந்தால், பாக்கி நம்மிடம் மட்டும் இல்லை என்று அர்த்தம்.