அணுக்கழிவு இடத்தேர்வும் ஊராட்சியும்

அணு உலையில் பயன்படுத்தி முடிந்த எரிபொருள், பல்லாயிரம் ஆண்டுகள் கதிர்வீச்சை வெளியிடக்கூடியது. அதை எந்த ஊரில் வைப்பது என்று முடிவெடுக்கும்போது அவ்வூரின் உள்ளாட்சிக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

பின்லாந்தில் 1987-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டப்படி, நகராட்சி மறுத்தால் திட்டம் அங்கே நின்றுவிடும். யூரயோக்கி நகராட்சி மன்றம் 2000 ஜனவரியில் வாக்கெடுத்து ஒப்புதல் தந்த பிறகே ஓன்கலோ ஆழ்நிலப் புதைகிடங்கு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் சென்றது. இங்கிலாந்தின் கம்பிரியாவில் இரண்டு கீழ்நிலை மன்றங்கள் ஆய்வைத் தொடர இசைந்தன. ஆனால் 2013 ஜனவரியில் மாவட்ட மன்றம் மறுத்ததால் இடத்தேடல் கைவிடப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய மறுப்புரிமை இல்லை. அணுசக்தி ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தது. ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க 29 பணிகளைக் கூறும் பதினொன்றாவது அட்டவணையில் குடிநீர், சாலை, சிறுபாசனம் ஆகியவை உள்ளன, அணுசக்தி இல்லை. திருச்சுழிப் பக்கத்து மானாவாரி ஊரான எம்.ரெட்டியபட்டி ஆனாலும், உலையைக் கண்ணெதிரே கொண்ட கூடங்குளம் ஆனாலும், இவ்விஷயத்தில் ஊராட்சியின் சட்ட நிலை ஒன்றே.

ஊர் மக்களுக்குக் கிடைக்கும் முறையான வாய்ப்பு, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை நடத்தும். ஆட்சியரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை தாங்குவார். மக்கள் சொல்வது பதிவாகும். ஆனால் கூட்டத்தின் எதிர்ப்பு மட்டுமே திட்டத்தைத் தடுத்துவிடாது.

கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு அப்பால் சேமிக்கும் மையத்தை அமைக்க வேண்டும் என்றது. இதற்கான கருத்துக்கேட்பு 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் நடக்கும் என அறிவிக்கப்பட்டது. கடும் எதிர்ப்புக்கிடையே தள்ளிவைக்கப்பட்டது.

அப்போது கூடங்குளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே இல்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. தமிழக உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிர்வகித்தனர். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும் திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில்தான். ஊரின் பெயரால் பேச வேண்டியவரின் நாற்காலி, பேச வேண்டிய நேரத்தில் காலியாக இருந்தது.

சொல்லிலும் ஒரு வழக்கு இருக்கிறது. மறுசுழற்சி செய்து புளுட்டோனியம் எடுக்கலாம் என்பதால் இது கழிவல்ல, வளம் என்கிறது அணுசக்தித் துறை. மக்கள் வழக்கில் அது ‘அணுக்கழிவு மையம்’ மட்டுமே. திட்டமிடப்பட்டது தற்காலிகச் சேமிப்புதான், நிரந்தரப் புதைகிடங்கு அன்று. எனினும் நிரந்தர இடம் எது என்று தெரியாதவரை ‘தற்காலிகம்’ எத்தனை ஆண்டு என்று ஊரார் கேட்பதில் நியாயம் உண்டு.

2022 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி இம்மையத்தை எதிர்த்தார். பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பக் கோரினார். மாநில அரசும் இதில் கோரிக்கைதான் வைக்க முடிந்தது. ஊராட்சியின் கையில் இருப்பது கிராமசபைத் தீர்மானம். அதை ஏற்கும் கட்டாயம் ஒன்றிய அரசுக்கு இல்லை.