மகளே மொழிபெயர்த்தால் தாய் எதைச் சொல்வாள்?

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியில், எஹலியகொடையைத் தாண்டினால் குருவிட்ட. எரத்னை வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர்களுக்கும், போபத் எல்ல நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருபவர்களுக்கும் பழக்கமான பெயர். வீதியை விட்டு உள்ளே ஏறினால் இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும், அவற்றின் இடையே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும். நுவரெலியாவைப் போல மலைக்கு மலை தமிழ்ப்பேச்சு கேட்கும் இடமல்ல இது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு கூட்டமாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பிறகு சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வடக்கே வவுனியாப் பக்கம் போய்விட்டன. இருப்பவர்கள் அந்த நினைவோடுதான் இருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து லயமொன்றில் நடக்கக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பிள்ளை மூன்று மாதமாகப் பாடசாலைக்கு வரவில்லை என்று தகவல் போய், அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வீடு தேடி வருகிறார். அவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். தாய்க்குக் கொஞ்சம் சிங்களம் வரும். கடையில் அரிசி வாங்க, பஸ்ஸில் டிக்கெட் எடுக்க அது போதும். புருஷன் குடித்துவிட்டு அடிப்பதைச் சொல்ல அது போதாது. ஆகவே சிங்களம் சரளமாகப் பேசும் பன்னிரண்டு வயது மகளை முன்னால் நிறுத்துகிறார்கள். "அப்பா உங்கள அடிப்பாரான்னு கேக்குறாரும்மா." தாய் மகளின் முகத்தைப் பார்க்கிறாள். "அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லு." கோப்பில் அப்படியே எழுதப்படுகிறது. பாடசாலைக்குப் போகாததன் காரணம் அந்த வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் சட்டம் லயத்து வாசல் வரை நடந்து வருவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்ற கேள்விக்கு ஒரு பதிலாகத்தான் சமூகப்பணி மாணவர்களின் களப்பயிற்சியைப் பார்க்கிறேன்.

சமூகப்பணி வகுப்பறையில் மட்டும் படித்து முடிக்கக்கூடிய படிப்பல்ல. வைத்திய மாணவர் வார்டில் நிற்பதைப் போல, சமூகப்பணி மாணவர் குறிப்பிட்ட காலம் ஒரு பிரதேச செயலகத்திலோ, சிறுவர் இல்லத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, ஒரு சமூகத்தின் நடுவிலோ வேலை செய்தாக வேண்டும். அமெரிக்காவில் இளநிலை மாணவருக்குக் குறைந்தது 400 மணித்தியாலம், முதுநிலை மாணவருக்கு 900 மணித்தியாலம் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். இலங்கையில் இந்தப் படிப்பின் வேர் 1952இல் கொழும்பில் தொடங்கிய சமூகப்பணி நிறுவனம். அதுவே வளர்ந்து, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமாயிற்று. சமூகப்பணிப் பட்டப்படிப்பு இங்கே 2005இல்தான் வந்தது. களத்தில் மாணவருக்கு இரண்டு பேர் துணை நிற்க வேண்டும்: அந்த இடத்திலேயே வேலை பார்க்கும் ஒரு மேற்பார்வையாளர், படிப்பிக்கும் நிறுவனத்திலிருந்து ஓர் ஆசிரியர். மாணவர் ஒரு குடும்பத்தோடு பேசியதை, தான் கேட்டதையும் கேட்காமல் விட்டதையும் சேர்த்து எழுதிக் காட்ட வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் திருத்துவார்கள்.

அப்படியொரு மாணவி குருவிட்டத் தோட்டமொன்றுக்கு வந்தால் என்ன செய்வாள்? பெரிதாக ஒன்றும் தெரியாது, முதல் இரண்டு வாரத்துக்கு. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் உட்காருவாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பாள். விடிய முன் இறப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போகும் தாய், பிள்ளை எழும்பும்போது வீட்டில் இல்லை என்பதை அப்போதுதான் காண்பாள். பிள்ளையைப் பாடசாலைக்குத் தயார்ப்படுத்த ஆளில்லாத வீட்டில் 'அக்கறையில்லாத பெற்றோர்' என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதும் அங்கேதான் புரியும்.

பிறகு காகிதங்கள் வரும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். சிங்களத்தில் எழுதும்போது எழுத்துப் பிசகிய தகப்பன் பெயர். இது தீராவிட்டால் அடையாள அட்டை இழுபடும், ஓ.எல். பரீட்சை விண்ணப்பம் இழுபடும், 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியும் இழுபடும். லயத்தில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட நிர்வாகம் வழியாக வருகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதையைத் தோட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி சொல்வார்கள். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டமே 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்டத் தமிழரிடமிருந்து 1948இல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது. ஆகவே அலுவலகக் கதவைத் தட்டத் தயங்கும் தாயின் தயக்கத்துக்கு அவளுடைய வயதைவிடக் கூடிய வயது.

இளைஞர்களின் கதை வேறு. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது. வேலைக்குச் சேரும் ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆயிற்று. இருந்தும் கொழும்புக் கடை கூப்பிடுகிறது, பக்கத்து மாணிக்கக்குழி கூப்பிடுகிறது. நாட்கூலியில் ஓடும் வீட்டில் பதினைந்து வயது மகனின் சம்பளம் அரிசியாகவும் மருந்தாகவும் மாறும்போது, "படி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதால் பயனில்லை. எந்தத் தொழிற்பயிற்சி, எங்கே, எந்த மொழியில், பஸ் காசுக்கு என்ன வழி என்று அவனோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வாசல் வரை வரும் அந்த ஆள் யார் என்பதைப் போன்ற கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தெற்கிலிருந்து நகரங்களுக்கு வந்து சேர்ந்த கறுப்பினக் குடும்பங்களுக்காக 1910இல் உருவானது தேசிய நகர லீக். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜோர்ஜ் எட்மண்ட் ஹேய்ன்ஸ், அந்த மக்களுக்குள்ளிருந்தே பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் வர வேண்டும் என்று நினைத்தார். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் அதற்கான படிப்பை ஆரம்பித்து, மாணவர்களை அதே நகரின் கறுப்பினக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார். 1916இல் கிழக்கு நாஷ்வில்லில் பெருந்தீ மூண்டு குடும்பங்கள் வீடிழந்தபோது நிவாரண வேலைக்கு இறங்கியவர்களில் இந்த மாணவர்களும் இருந்தார்கள். 1920இல் அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்களுக்கென்றே சமூகப்பணிப் பள்ளி வந்தது. வெள்ளம், மண்சரிவு என்று அஞ்சி அஞ்சி மழைக்காலத்தைக் கடக்கும் இரத்தினபுரி மாவட்டத்தில் இருந்து பார்க்கையில், நாஷ்வில் எனக்குத் தூரத்து ஊராகத் தெரியவில்லை. 2017 மே மாதம் மண் சரிந்த நாட்களில், இடைத்தங்கல் முகாமில் ஒரு தமிழ்த் தாயிடம் தமிழில் "பிள்ளை எங்கம்மா?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பதன் பெறுமதி அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

அதற்காகத் தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. லயத்துக் காம்பராக்களின் இடைச்சுவரைத் தாண்டிப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சொந்தத் தோட்டத்துக்கே பயிற்சிக்கு வரும் மாணவியிடம் வாய் திறக்கத் தயங்குவார்கள்: "இவ நம்ம மாமா வீட்டுப் புள்ளதானே, நாளைக்குக் கோயிலடியில பேச்சாயிடும்." இவள் அடுத்த தோட்டத்துக்குப் போவது நல்லது. மொழி தெரியும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு தெரியும், துரையின் ஜீப் சத்தம் கேட்டால் ஏன் பேச்சு நிற்கிறது என்பதும் தெரியும், யாருக்கும் உறவில்லை. பேசும் இடத்தையும் அவளே தேட வேண்டியிருக்கும். தண்ணீர்ப் பீலிக்குப் போகும் வழி, சில நேரம், வீட்டைவிட நல்ல அலுவலகம்.

தமிழ் தெரியாத சிங்கள மாணவர்களும் வரத்தான் வேண்டும். நாளைக்குப் பிரதேச செயலகத்து நாற்காலியில் உட்காரப்போவது அவர்களில் பலர். ஆனால் ஒரு விதி கட்டாயம்: வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது. தமிழ் மாணவர் ஒருவரோடு இருவராக அனுப்பினால் ஒருவர் மொழியைத் தருவார், மற்றவர் அலுவலகப் பழக்கத்தைத் தருவார்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசி நாள். பயிற்சிக்காலம் முடியும், மாணவி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். அவளிடம் முதன்முதலாக வாய் திறந்த தாய் அங்கேயே இருப்பாள். தாய் எரிச்சலோடு சொல்வது நியாயம்தான்: "வாறாங்க, எழுதுறாங்க, போறாங்க." ஆகவே போகும் தேதியை வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். பாதியில் நிற்கும் ஒவ்வொரு காரியத்தையும், தாய் சம்மதித்ததை மட்டும், நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ தாயையும் வைத்துக்கொண்டு நேரில் ஒப்படைக்க வேண்டும். அவர்களின் பெயர், வரும் நாள், தொலைபேசி இலக்கம், கூடவே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம், எல்லாம் தமிழில் எழுதிய ஒரு தாள் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த தொகுதி மாணவர் அதே தோட்டத்துக்கு வருவாரா என்பதை நிறுவனம் அப்போதே தீர்மானித்து, அந்தத் தாளின் அடியில் மாதத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.